கூரைப் பாலத்துக்குக் குடிபூரல்

"பாலத்துக்கு என்னத்துக்கடா கூரை?"

எஸ்பியர்க் என்ற டேனிஷ் துறைமுக நகரில், எங்கள் சமையலறை மேசையில் இருந்துகொண்டு மகனிடம் நான் கேட்ட கேள்வி இது. அவன் ஓகூஸில் பாலங்கள் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் எஞ்சினியராக இருந்தான். சனிக்கிழமைகளில் வருவான், தாயின் கையால் வயிறு முட்டச் சாப்பிடுவான், பிறகு கணினியைத் திறந்து எதையாவது காட்டுவான். அன்று காட்டிய படத்தில் ஒரு சிற்றாற்றுக்கு மேலே மரவீடு ஒன்று குறுக்காக நின்றது. இரண்டு பக்கமும் கதவில்லாத வாசல்.

நான் இந்த ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மழையில் ஒதுங்க இடமில்லாமல் தரிப்பிடங்களில் விறைத்து நிற்கும் சனத்தை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவன். "பஸ்சுக்கு நிக்கிற சனத்துக்குக் கூரை போட இவைக்கு மனம் வரேல்லை. ஆத்தைக் கடக்கிறவனுக்குக் கூரையோ?" என்றேன்.

"அப்பா, கூரை ஆக்களுக்கு இல்லை. மரத்துக்கு."

"மரம் காட்டிலை நிக்கேக்கை ஆர் அதுக்குக் குடை பிடிச்சது?"

அதற்கு மேல் அவன் டேனிஷுக்கு மாறிவிட்டான். கோபம் வந்தால் அவன் வழக்கம் அது. நான் தமிழில் ஏசுவேன், அவன் டேனிஷில் விளக்குவான். மனைவி இரண்டுக்கும் நடுவில் நின்று, "சாப்பாடு ஆறுது" என்பாள். எங்கள் வீட்டுச் சண்டைகள் எல்லாம் இப்படித்தான் நடந்தன. இன்று அப்படி ஒரு சண்டை பிடிக்க எனக்கு ஆள் இல்லை. அந்தப் பாலம் திறப்பதற்கு முந்திய குளிர்காலத்தில் என் மகன் இறந்துபோனான்.

ஆனாலும் அவன் சொன்னது எனக்கு மனப்பாடம். மரம் நனைந்தால் பிரச்சினை இல்லை, நனைந்தது காயாவிட்டால்தான் பிரச்சினை என்றான். பாலத்தைத் தாங்குவது இரண்டு பக்கமும் நிற்கும் பெரிய மரச்சட்டங்கள். சாய்வு மரங்கள் முக்கோணம் முக்கோணமாகப் பூட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பூட்டுகளுக்குள் மழைநீர் இறங்கினால் வெளியே தெரியாது. உள்ளே இருந்தபடியே உக்கும். ஆகவே கூரையைச் சட்டங்களுக்கு வெளியே நன்றாக நீட்டிவிட வேண்டும். பக்கப் பலகைகளை மேலே கூரைவரை அடிக்கக்கூடாது, காற்றுப் போய்வர இடைவெளி வேண்டும். நடக்கும் பலகைகளுக்கு இடையிலும் ஒரு விரல் நுழையும் அளவு நீக்கல் விட வேண்டும். மரங்களின் பாதம் கல்லில் அப்படியே குந்தாமல் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். இவ்வளவும் செய்தால் மூன்று தலைமுறை நிற்கும், செய்யாவிட்டால் நீங்களே இருந்து அது விழுவதைப் பார்ப்பீர்கள் என்றான்.

நான் யாழ்ப்பாணத்தான். ஆறே இல்லாத இடத்தில் பிறந்தவன். எங்களுக்கு மதகு தெரியும், கடலுக்குள் போட்ட தெரு தெரியும். ஓடுகிற ஆற்றுக்கு மேலே பாலம் போடுவதைப் பற்றி என் பரம்பரையில் யாரும் ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பிள்ளை பாலமே கதியென்று கிடந்தது எனக்குள்ளே பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டினால் தலைக்கு மேலே ஏறிவிடுவான் என்று கூரைச் சண்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பாலம் வந்த இடம், எஸ்பியர்க்கில் இருந்து உள்ளே போனால் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்னக் கிராமம். ஒருகாலத்தில் ஆற்றங்கரையில் ஒரு மாவரைக்கும் ஆலை இருந்ததாம். மாமூட்டை நனையாமல் இருக்க ஆலைக்காரன் மரப்பாலத்துக்கு மேலே கூரை போட்டானாம். "அவன் மாவைக் காப்பாத்தத்தான் போட்டவன், பாலம் அந்தக் கூரையாலை பிழைச்சுது" என்று மகன் சிரித்தான். ஆலை மூடியபின் பாலத்தையும் பிரித்துவிட்டார்கள். பிறகு வயல் செய்யும் கமக்காரர்கள் கூரை இல்லாமல் ஒன்று போட்டார்கள். அது உக்கியது, திருத்தினார்கள், மறுபடி உக்கி, ஒரு பசு காலை உள்ளே விட்டு அலறிய பிறகு அதையும் கழற்றினார்கள். கடைசியில் ஆற்றை நேராக வெட்டி, பெரிய கொங்கிரீட் குழாய் ஒன்றைப் புதைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடினார்கள். இப்போது மீனுக்காக ஆற்றைப் பழையபடி வளைந்து ஓட விட்டிருக்கிறார்கள். குழாய் போனது, அதோடு வழியும் போனது. கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லொறிகள் ஓடும் தெருவால் சைக்கிளில் போகவேண்டி வந்தது. எங்களுக்குப் பழைய பாலம் வேண்டும் என்று கிராமச் சங்கம் கேட்க, வேலை என் மகனின் மேசைக்கு வந்தது. தானே பொறுப்பெடுத்துச் செய்த முதல் பாலம் அதுதான்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் தாய்க்கு வேறுவிதமாகச் சொல்லியிருந்தான்.

என் மனைவி முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறாள். அவளுக்கு மகனைப் பற்றி இருந்த ஒரே கவலை வீடு. முப்பது தாண்டியும் வாடகை அறையில் இருக்கிறானே என்று தொலைபேசியில் அரிப்பாள். "ஒரு வீட்டை வாங்கு தம்பி. நான் வந்து பால் காய்ச்சித் தாறன்." இந்த அரிப்புத் தாங்காமல் ஒரு நாள் அவன், "அம்மா, இந்த வருசம் ஒரு வீடு கட்டுறன். கூரை இருக்கு, சுவர் இருக்கு, ரெண்டு பக்கமும் வாசல்" என்று சொல்லியிருக்கிறான். அவள் நம்பிவிட்டாள். கடைக்குப் போய் பால் காய்ச்சுவதற்கென்று புதுச் சில்வர் பானை ஒன்று வாங்கினாள். எஸ்பியர்க்கில் உள்ள தமிழ்ச்சனம் முழுவதற்கும் மகன் வீடு கட்டுகிறான் என்று சொல்லிவிட்டாள். புதுவீட்டுக் குடிபூரல் எப்போது என்று என்னை வழியில் மறித்துக் கேட்டவர்களிடம் நான் விழிக்க, அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

சில நாள் அவள் அவனோடு கதைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவன் வந்து, குசினி வாசலில் நின்று, "அம்மா, பால் ஒண்டு தாங்கோ" என்றான். அவ்வளவுதான், கோபம் போய்விட்டது. சூடான பால் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் மேலே ஆடை படிந்திருந்தால் வாயில் வைக்கமாட்டான். சின்னதிலிருந்தே அப்படி. மீசை முளைத்த பிறகும் தாய்தான் விரலால் ஆடையை எடுத்துவிட்டுக் கொடுப்பாள். "அவன் கலியாணம் கட்டினாலும் நீர் ஆடை எடுக்கப் போகவேண்டியதுதான்" என்று நான் பகிடி பண்ணுவேன்.

பானையை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்தாள். உண்மையான வீடு வரும்போது உதவும் என்றாள்.

அந்த இலையுதிர் காலத்தில் பாலத்துக்குக் கூரைச் சட்டம் ஏறியது. இந்த நாட்டில் கூரைச் சட்டம் ஏறினால் ரைஸகில்த என்று ஒரு சின்னக் கொண்டாட்டம் வைப்பார்கள். தச்சர்களுக்குப் பியரும் சோசேஜும் கொடுப்பார்கள், பச்சை இலையில் கட்டிய ஒரு வளையத்தை உச்சியில் தொங்கவிடுவார்கள். மகன் அந்தப் படத்தை அனுப்பினான். புது மரத்தின் நடுவில் வளையம் தொங்க, கீழே அவன் வேலைத் தொப்பியோடு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

மனைவி படத்தைப் பார்த்ததும் தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

"உது என்ன தம்பி மேலை தொங்குது?"

அவன் விளக்கியிருப்பான். இவள் கேட்கும் நிலையில் இல்லை. "செத்த வீட்டுக்கு வைக்கிற மலர்வளையத்தைப் புதுக்கூரையிலை ஆரும் கட்டுவினமே? நீ அதுக்குக் கீழை நிண்டு சிரிக்கிறாய். உடனை கழட்டச் சொல்லு."

எங்களுக்கு வளையம் என்றால் சாவு. இவர்களுக்கு அது யேசு பிறந்த நத்தாருக்கும் கதவில் தொங்கும், கூரையிலும் தொங்கும். இவ்வளவு காலம் இந்த நாட்டில் இருந்தும் அவளுக்கு அது தெரியாதா என்றால், தெரியும். மற்றவர்கள் வீட்டில் தொங்கினால் தெரியும். தன் பிள்ளையின் தலைக்கு மேலே தொங்கும்போது தெரியவில்லை.

அவன் கழற்றினானோ இல்லையோ, நாங்கள் கேட்கவில்லை. நத்தாருக்குச் சில வாரம் இருக்க, ஒரு காலை அவன் வேலைக்குப் போகவில்லை. தொலைபேசி எடுக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண் அவனுடைய அறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். யாரிலும் பிழை இல்லை, முன்கூட்டி அறிய வழியும் இல்லை என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். யாரையாவது பிடித்து ஏசலாம் என்று இருந்த எனக்கு அதுகூட இல்லாமல் போனது.

செத்த வீட்டுக்கு அவனுடைய நிறுவனத்தில் இருந்து ஒரு வளையம் வந்தது. பச்சை இலையில் கட்டியது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அழவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, "முதல் வளையம் அந்தக் கூரையிலைதான் வந்தது" என்றாள். விசர்க்கதை கதைக்காதையும் என்று கத்தினேன். கத்தினேனே தவிர, அந்த வளையம் என் மண்டைக்குள்ளும் தொங்கத்தான் செய்தது. இன்றைக்கும் தொங்குகிறது.

வசந்தத்தில் கிராமச் சங்கத் தலைவி தொலைபேசி எடுத்தார். பாலம் முடிந்துவிட்டது, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம், நீங்கள் இருவரும் வரவேண்டும் என்றார். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த பானைப் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன செய்யிறீர்?"

"பால் காய்ச்சப் போறன்."

"அது பாலமப்பா. வீடில்லை."

"அவன் வீடெண்டுதானே சொன்னவன்."

நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். பிள்ளை போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. இந்த வருடத்துக்குள் எங்கள் வீட்டில் நல்ல காரியம் எதுவும் செய்யக்கூடாது. பொங்கலுக்கே பொங்காமல் இருந்தோம். சனம் என்ன கதைக்கும்? அவள் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் நல்ல மனுசன், தயங்கித் தயங்கி, "வருசம் திரும்பினாப் பிறகு செய்யுங்கோவன் அம்மா" என்றார். "அதுக்குள்ளை ஊர்ச்சனம் எல்லாம் நடந்து போட்டுதெண்டால் என்னெண்டய்யா குடிபூருறது?" என்று கேட்டாள்.

டோஸ்ட்ருப்பில் இருக்கும் மகளிடம் முறையிட்டேன். அம்மாவை விடுங்கள் அப்பா, ஏதாவது ஒன்று செய்ய விடுங்கள் என்று டேனிஷில் சொல்லிவிட்டு விம்மினாள். அண்ணன் போனபின் அவள் தமிழில் அழுவதில்லை.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவி தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "அவன்ரை வீட்டுக்கு முதல் போனது சா வளையம். நல்லதொண்டும் போகேல்லை. அப்பிடியே விடச் சொல்லுறியளோ?"

பாலுக்கும் சீனிக்கும் நானே கடைக்குப் போனேன்.

அந்த ஞாயிறு தூறிக்கொண்டிருந்தது. மகள் டோஸ்ட்ருப்பில் இருந்து ரயிலில் வந்திருந்தாள். பாலத்தை நான் முதல்முதல் நேரில் கண்டேன். படத்தில் பார்த்ததைவிடச் சின்னது. தேன் நிற மரம். உள்ளே போனதும் மழைச்சத்தம் கூரைக்கு மேலே போய்விட்டது, கீழே ஆற்றின் சத்தம் மட்டும் பலகை நீக்கல்களால் ஏறி வந்தது. சாய்வு மரங்கள், மர ஆணிகள், காற்றுக்கு விட்ட இடைவெளி எல்லாம் அவன் சொன்னபடி இருந்தன. கையை வைத்துப் பார்த்தேன். மரம் நன்றாகக் காய்ந்து இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அந்த மரத்தின்மேல் பொறாமை வந்தது. மூன்று தலைமுறை நிற்கும்படி ஒவ்வொரு மூட்டையும் பார்த்துப் பார்த்து மூடியவன், தனக்கு ஒன்றும் செய்துகொள்ளாமல் போய்விட்டான்.

வாசலில் சிவப்பு வெள்ளைக் கொடிகளும் ஒரு நாடாவும் கட்டியிருந்தார்கள். மேசையில் கோப்பியும் கேக்கும். மகள் எங்கள் விருப்பத்தைத் தலைவிக்கு விளங்கப்படுத்த, தச்சர்களின் மேற்பார்வையாளர் எங்கள் காஸ் அடுப்பைக் கண்டுவிட்டு வந்தார். பெரிய உருவம், மெல்லிய குரல். புது மரம், எண்ணெய் பூசியிருக்கிறது, கூரைக்குக் கீழே நெருப்பு மட்டும் முடியாது என்றார். சொல்லும்போதே அவருக்கு முகம் சிவந்தது. கரையில் வைத்துக் காய்ச்சலாமே என்றார். மனைவி பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். வாசலுக்கு வெளியே பால் காய்ச்சி என்ன பிரயோசனம்?

தலைவிதான் எல்லாரையும் பார்த்துவிட்டு, பக்கத்துப் பண்ணையில் இருந்து மின்சார வயர் சுற்றிய பெரிய உருளை ஒன்றையும், கோடையில் முகாமுக்குக் கொண்டுபோகும் சின்ன மின்னடுப்பு ஒன்றையும் எடுப்பித்தார். வயல் நெடுக வயர் ஓடி வந்தது. மின்னடுப்பில் பால் காய்ச்சுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். இந்த நாட்டில் எந்தத் தமிழன் தன் வீட்டுக்கு மூன்று கல் வைத்து விறகில் காய்ச்சினான் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. மகன் போனபின் வந்த முதல் சிரிப்பு அது.

நாடா வெட்டுவதற்கு முன் பாலத்துக்குள் நாங்கள் மூவரும், தலைவியும், அந்த மேற்பார்வையாளரும் மட்டும். மனைவி வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். நாங்களும் கழற்றினோம். அந்த இரண்டு டேனிஷ்காரரும் ஒன்றும் கேட்காமல் கழற்றினார்கள். பாலத்தின் நடுவில் அடுப்பை வைத்து, பானைக்குத் திருநீறு பூசி, பாலை ஊற்றினாள். ஈரக்காற்று ஒரு வாசலால் வந்து மறு வாசலால் போய்க்கொண்டே இருந்தது. சூடேற வெகு நேரம் எடுத்தது. அவள் குந்தியிருந்து பாலையே பார்த்தாள்.

அந்த நேரத்தில் தலைவி என்னிடம் பக்கச் சுவரைக் காட்டினார். பலகைகளின் நடுவே ஆற்றைப் பார்ப்பதற்கு நீளமாக ஒரு திறப்பு விட்டிருந்தது. ஆனால் மிகவும் தாழ்ந்து பதிவாக இருந்தது. எங்களுக்கெல்லாம் குனிந்தால்தான் ஆறு தெரியும் என்றார் அவர். கூட்டத்தில் உயர்த்தச் சொல்லிக் கேட்டோம், உங்கள் மகன் மாட்டேன் என்றுவிட்டார். காரணம் கேட்டதற்கு அவர், என் அம்மா கட்டை, துறைமுகத்தில் கைபிடிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தே அலுத்துப்போனா, ஒரு பாலத்திலாவது நிம்மதியாக நின்று தண்ணீரைப் பார்க்கட்டும் என்றாராம்.

நான் அதை மனைவிக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பால் பொங்கிவிட்டது. நுரை எழும்பி விளிம்பைத் தாண்டி, அடுப்பில் சீறி, பலகையில் வழிந்தது. எந்தத் திசைக்குப் பொங்கியது என்று யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் தங்கக்கூடாதென்று அவன் விட்ட நீக்கல்களால் வழிந்த பால் அத்தனையும் இறங்கி ஆற்றில் விழுந்தது.

மனைவி சீனி போட்டுக் கலக்கி, குடிக்கும் சில்வர் பேணி ஒன்றில் ஊற்றினாள். குடிபூரலில் முதல் பால் வீட்டுக்காரனுக்கு. பேணியைக் கையில் எடுத்து எழும்பியவள், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டவில்லை. அது என் வீடில்லை. அவள் திரும்பி, அந்தத் திறப்பின் கீழ்ப்பலகையில் பேணியை வைத்தாள். எட்டவேண்டி இருக்கவில்லை. சரியாக அவளுடைய உயரம். அப்போது நான் தலைவி சொன்னதைச் சொன்னேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை போனபின் முதல்முறையாக அழுதாள்.

பிறகு நாடா வெட்டினார்கள். சனம் உள்ளே வந்தது. பிள்ளைகள் சைக்கிளில் இந்த வாசலால் வந்து அந்த வாசலால் போய்த் திரும்பினார்கள். மிச்சப் பாலைக் கடதாசிக் கோப்பைகளில் எல்லாருக்கும் கொடுத்தாள். அவர்களும் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டுக் குடித்தார்கள். அந்தப் பேணியை யாரும் தொடவில்லை. அதற்குப் பக்கத்தில் குனிந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கொடிகளைக் கழற்றத் தொடங்கியபோது, போவம் என்றேன். வயரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மகள் பானையைக் கழுவிப் பெட்டிக்குள் வைத்தாள். மனைவி பேணியை எடுக்கப் போனாள். எடுத்து ஆற்றில் ஊற்றப்போகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன்.

அவள் பேணிக்குள் பார்த்தாள்.

"ஆடை படிஞ்சு போச்சு. குடிக்கமாட்டான்."

விரலை விட்டு ஆடையை ஓரமாக ஒதுக்கி எடுத்தாள். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். பேணியை வைத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.